நிலத்துக்கு வாக்கப்பட்டவள்

ஜே. எச். நெல்சனின் 'தி மதுரா கண்ட்ரி' (1868) பழனிமலைக் குன்னுவரின் ஒரு வழக்கத்தைப் பதிவுசெய்கிறது. ஆண் வாரிசில்லாத வீட்டில் சொத்து மகளுக்கு இறங்குமென்றால், வயதுவந்தவனை அவள் கட்டக்கூடாது. ஒரு சிறு பையனுக்கோ, தகப்பன் வீட்டின் ஒரு பகுதிக்கோ அவளைக் கட்டிவைப்பார்கள். பிறகு தன் சாதிக்குள் பிடித்தவனோடு சேர்ந்துகொள்ளலாம். பிறக்கும் பிள்ளைக்குச் சொத்து. தர்ஸ்டனும் (1909) இதை எடுத்தாள்கிறார்.

நெல்சன் அவளுடைய உறவுகளைப் பொழுதுபோக்கு என்ற தொனியில் எழுதுகிறார். நம்மில் சிலர் இதையே பெண்விடுதலை என்று கொண்டாடக்கூடும். இரண்டு வாசிப்பும் ஒன்றை விட்டுவிடுகின்றன: அவளை யாராவது கேட்டார்களா? பிரதியில் அவள் குரலே இல்லை. அந்தப் பையனுடையதும் இல்லை. வயதுவந்த மாப்பிள்ளை நிலத்தில் பாத்தியதை கேட்பான். சின்னப்பயல் கேட்கமாட்டான். வீடு எப்போதுமே கேட்காது. ஆக, இங்கே வயதை நிர்ணயிப்பது சொத்து.

1929 சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது. 1978 திருத்தம் அதை 18, 21 ஆக்கியது. இது அவசியமான காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் சட்டம் வருஷத்தைத்தான் எண்ணுகிறது. இந்தச் சம்பந்தம் யாருக்காக என்று அது விசாரிப்பதில்லை. 'சொத்து வெளிய போயிடக்கூடாது' என்று மாமன் மகனுக்குப் பேசி முடிக்கிற சமவெளி வீட்டில் பெண்ணுக்கு 25 வயதுகூட ஆகியிருக்கலாம். அவளையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். குன்னுவர் வழக்கத்தை மலையின் விநோதம் என்று ஒதுக்குகிறவர்கள், தங்கள் வீட்டுப் பத்திரத்தையும் ஜாதகத்தையும் ஒருமுறை சேர்த்துவைத்துப் படிக்கலாம்.