இடைவெளி போடத் தெரிந்த கை

பினாங்குத் தீவின் தென்கிழக்கில், விமான நிலையத்தை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை 1972ல் இங்கேதான் எழுந்தது. அதே ஆண்டு ஹியூலெட் பேக்கார்டும் வந்தது. அதன் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999ல் அஜிலென்ட் ஆனது, 2014ல் கீசைட் ஆனது. பெயர்ப்பலகை மாறினாலும் வேலை இந்தத் தீவை விட்டுப் போகவில்லை. விடிவதற்கு முன் ஃபேக்டரி பஸ் பிடித்துப் போய், மைக்ரோஸ்கோப்பின் கீழ் மயிரிழைக் கம்பி பொருத்திய பெண்களோடு தொடங்கிய ஊர் இது. பின்னாளில் சில்லுகளையும் போர்டுகளையும் வடிவமைக்கும் வேலையும் இங்கே வந்து சேர்ந்தது.

அந்த வடிவமைப்பில் வெளியே தெரியாத ஒரு கலை இருக்கிறது. பச்சைப் போர்டில் அருகருகே ஓடும் இரண்டு செம்புத் தடங்களில் ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் எவ்வளவு கசியும் என்று, போர்டு செய்யப்படுவதற்கு முன்பே கணித்துச் சொல்வது. கிராஸ்டாக் என்று பெயர். தொந்தரவு பழையது. தொலைபேசிக் கம்பிகளில் பக்கத்து உரையாடல் கேட்ட காலத்திலேயே, இரண்டு கம்பிகளை முறுக்கி ஓட்டும் உபாயத்துக்கு கிரகாம் பெல் 1881ல் காப்புரிமை வாங்கினார். போர்டில் தடத்தை முறுக்க முடியாது. அங்கே கணக்குதான் துணை.

ஒரு தடத்தில் மின்னழுத்தம் சட்டென்று ஏறும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. இரு தடங்களுக்கும் நடுவே உள்ள மின்புலம் பக்கத்துத் தடத்துக்குள் கொஞ்சம் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. முதல் தடத்தைச் சுற்றி எழும் காந்தப்புலம் அதே பக்கத்துத் தடத்தில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சிக்னல் புறப்பட்ட முனையை நோக்கித் திரும்பும் கசிவில் இவை இரண்டும் கூடுகின்றன. எதிர்முனையை நோக்கிப் போகும் கசிவில் ஒன்றையொன்று கழிக்கின்றன. இந்தக் கூட்டலையும் கழித்தலையும் மனத்தில் பார்க்கத் தொடங்கியவருக்குப் போர்டு வேறு மாதிரி தெரியும்.

இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே புதைந்து ஓடும் உள்தடத்தில், சுற்றிலும் ஒரே கண்ணாடியிழைப் பொருள். அங்கே கழித்தல் துல்லியமாக நடக்கிறது. எதிர்முனைக் கசிவு ஏறக்குறைய பூஜ்யம். மேற்பரப்பில் ஓடும் தடத்துக்குப் பாதி உலகம் காற்று, பாதி போர்டு. மின்புலத்தின் பங்கு குறைந்துபோக, காந்தப்புலத்தின் பங்கு மிஞ்சி நிற்கிறது. அந்த மிச்சம், தடம் நீள நீள வளர்ந்துகொண்டே போகும் ஓர் எதிர்மறைத் துடிப்பாக எதிர்முனையில் வந்து நிற்கும். ஒரே நீளம், ஒரே இடைவெளி, அடுக்கு மட்டும் வேறு. விளைவில் இவ்வளவு வித்தியாசம்!

கணிப்புக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரகாமும் 1993ல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பொறியாளர்களிடையே பரவியது. தடங்களின் மையங்களுக்கு இடையேயான தூரத்தை, தடத்துக்கும் அதன் கீழிருக்கும் கிரவுண்ட் தகட்டுக்கும் உள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். வந்ததை வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டி, அதால் ஒன்றை வகுத்தால் கசிவின் உச்ச அளவு கிடைக்கும். தூரம் 0.3 மில்லிமீட்டர், உயரம் 0.1 என்றால் பத்தில் ஒரு பங்கு. 3.3 வோல்ட் சிக்னலில் அது 0.33 வோல்ட். அந்த வகைச் சில்லுகள் தாழ்நிலையில் பொறுத்துக்கொள்ளும் இரைச்சல் 0.4 வோல்ட். தப்பித்தது போலத் தோன்றும். ஆனால் இருபுறமும் தடங்கள் இருந்து இரண்டும் ஒரே நேரத்தில் துள்ளினால் 0.66. போர்டு தயாராகும் முன், ஒரு தாள் ஓரத்தில் கண்டுபிடித்துவிடக்கூடிய ஆபத்து இது.

தடத்தின் அகலத்தைப் போல மூன்று மடங்கு தூரம் விடு என்பது எல்லோரும் சொல்லும் விதி. 0.15 மில்லிமீட்டர் அகலத் தடத்துக்கு அது 0.45. தகடு 0.1 ஆழத்தில் இருந்தால் கசிவு ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது, சரி. தகட்டை 0.3 ஆழத்துக்குத் தள்ளிப் பாருங்கள். அதே மூன்று மடங்கு விதியைக் காப்பாற்றியும் கசிவு முப்பது சதவீதத்தைத் தாண்டுகிறது! விதிக்கு ஆழம் தெரியாது. தேர்ந்த கை முதலில் கேட்பது, போர்டின் அடுக்குகள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைத்தான். வேகமான சிக்னலின் திரும்பு மின்னோட்டம் தடத்துக்கு நேர் கீழே தகட்டிலேயே ஓடுகிறது. தகடு நெருங்க நெருங்க அந்த ஓட்டம் தடத்தின் அடியிலேயே ஒடுங்கிக்கொள்ளும், அண்டைத் தடத்தின் பக்கம் பரவாது. அந்தத் தகட்டில் யாரோ வசதிக்காக ஒரு வெட்டுப் போட்டால், மேலே பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளியெல்லாம் வீண்.

நீளமும் இதில் உண்டு. உள்தடத்தில் சிக்னல் ஒரு நானோவினாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் போகும். சிக்னல் ஏற ஒரு நானோவினாடி ஆகிறது என்றால், தடங்கள் 7.5 சென்டிமீட்டர் சேர்ந்து ஓடும்வரை திரும்பும் கசிவு வளரும். அதன்பின் அதன் உயரம் ஏறாது, காலம் மட்டும் நீளும். ஏறும் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் அந்த எல்லை 7.5 மில்லிமீட்டர். ஒரு சில்லின் ஓரத்திலிருந்து வெளியே வருவதற்குள் உச்சம் எட்டிவிடும். நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த போர்டு, சில்லு புதிதாக வேகமானவுடன் தடுமாறுவது இதனால்தான்.

இடமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இன்டெல் பொறியாளர்கள் இதற்குச் சொன்ன வழி ரசிக்கத்தக்கது. மேற்பரப்பில் நெருங்கி ஓடும் நினைவகத் தடங்களின் இரு பக்கமும் சிறு செம்புப் பற்களை முளைக்க விட்டார்கள். இரண்டு சீப்புகளை எதிரெதிரே செருகியதுபோல் ஒரு தடத்தின் பற்கள் அடுத்த தடத்தின் பற்களுக்கு நடுவே நுழைகின்றன. கசிவைக் குறைக்கத் தடங்களை மேலும் நெருக்குவதா என்று முதல் பார்வையில் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மேற்பரப்பில் குறைந்துபோன மின்புலப் பங்கை இந்தப் பற்கள் ஈடுகட்டுகின்றன. மிஞ்சி நின்ற காந்தப்புலப் பங்கோடு அது சமமாகி, எதிர்முனைக் கசிவு தேய்கிறது. கசிவு ஒரு கழித்தல் கணக்கு என்பதை முழுதாக நம்பியவர்களுக்கே இந்தத் துணிவு வரும்.

இதோடு ஒப்பிட்டால், இரண்டு தடங்களுக்கு நடுவே காவலுக்கென்று ஒரு கிரவுண்ட் தடம் இழுக்கும் பழக்கம் பல சமயம் மனத்திருப்திக்கே உதவுகிறது. காவல் தடம் நுழையும் அளவு இடம் இருந்தால், அந்த இடத்தைச் சும்மா விட்டாலே கசிவின் பெரும்பகுதி அடங்கிவிடும். துளையிட்டுக் கீழ்த்தகட்டோடு பல இடங்களில் இணைக்காத காவல் தடமோ, தானே கசிவைச் சுமந்து போகும்.

கணிப்பவரின் ரசனை கடைசியில் தெரிவது, எந்தத் தடத்துக்கு இடம் தருகிறார் என்பதில். ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட தரவுத் தடங்கள் தங்களுக்குள் ஓரளவு கசிந்துகொண்டாலும் பாதகமில்லை; கடிகாரத் துடிப்பு வந்து படிப்பதற்குள் அந்தச் சலசலப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். அவற்றை நெருக்கி ஓட்டிச் சேமித்த இடத்தைக் கடிகாரத் தடத்துக்கும் ரீசெட் தடத்துக்கும் கொடுக்க வேண்டும். ரீசெட் யாருக்கும் காத்திருப்பதில்லை. எந்தக் கணத்தில் ஒரு பொய்த் துடிப்பு விழுந்தாலும் இயந்திரம் மொத்தமும் முதலிலிருந்து தொடங்கும். போர்டின் நெரிசலான மூலையில் ஒரே ஒரு மெல்லிய தடம் இருபுறமும் வெறுமையோடு போனால், அது அநேகமாக ரீசெட்; அதை வரைந்தவர் கணக்குப் போட்டிருக்கிறார்.