ஒற்றனின் ஓட்டை

இயன் ஃபிளெமிங் ஜேம்ஸ் பாண்டை அறிமுகப்படுத்திய 'கேசினோ ராயல்' (1953) நாவலில் பாண்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. வில்லன் லெ ஷிஃப்ரிடம் பிடிபட்டு, நாற்காலியில் கட்டுண்டு குற்றுயிராகக் கிடக்கிறான். லெ ஷிஃப்ரைச் சுட்டுக் கொல்பவன் ஒரு சோவியத் கொலையாளி. பாண்டைக் கொல்ல உத்தரவில்லை என்பதால் கையில் தழும்பு மட்டும் கீறிவிட்டுப் போகிறான். காதலித்த வெஸ்பரும் எதிரியின் ஆள்தான். படங்களில் மட்டுமே பாண்டைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோல்விகள் புதிதாக இருக்கும். 'தண்டர்பால்' (1961) தொடங்குவதே, சிகரெட்டும் மதுவும் அவன் உடலைக் கெடுத்துவிட்டதாக மருத்துவ அறிக்கை வந்து, மேலதிகாரி எம் அவனை இயற்கை வைத்திய விடுதிக்கு அனுப்புவதில்தான். 1962-இல் ஷான் கானரி பாண்டாகத் திரைக்கு வந்தபோது மதுவும் சிகரெட்டும் கூடவே வந்தன. உடல் மட்டும் கெடவில்லை. பலவீனம் வெறும் அலங்காரமாகிவிட்டது.

ஒரு நாயகனின் பலவீனம் உண்மையானதா என்று அறிய நான் கேட்பது ஒன்றுதான்: எதிரியால் அதைப் பயன்படுத்த முடிகிறதா?

'டை ஹார்ட்' (1988) படத்தின் ஜான் மெக்ளேன் இதில் தேறுகிறான். ஒற்றன் அல்ல, நியூயார்க் போலீஸ்காரன். காலில் செருப்புகூட இல்லை. அதைக் கவனித்துவிட்ட கொள்ளைக்கூட்டத் தலைவன் ஹான்ஸ் குரூபர், கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். மெக்ளேன் சில்லுகள்மேல் நடக்க வேண்டியிருக்கிறது. பணயக்கைதிகளில் ஒருத்தி அவன் மனைவி என்று தெரிந்ததும் குரூபர் அவளையும் பிடித்துக்கொள்கிறான். ஒற்றன் ஜேசன் போர்னின் மறதி வேறு வகை. கதையை நகர்த்தும் நல்ல எந்திரம் அது, ஆனால் கைகால்கள் எதையும் மறப்பதில்லையே! 'மிஷன் இம்பாசிபிள்' 1966-இல் தொலைக்காட்சியில் ஒரு குழுவின் கதையாகத் தொடங்கியது. 1996 படமோ குழுத் தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸையே துரோகியாக்கி, ஈத்தன் ஹன்ட் என்ற தனி ஆளை முன்னிறுத்தியது. அவன் ஓட்டம் அழகுதான். ஓட்டைதான் கண்ணில் படவில்லை.

ஜான் லெ காரேயின் பிரிட்டிஷ் ஒற்றர் ஜார்ஜ் ஸ்மைலி இவர்கள் எல்லாருக்கும் எதிர்த்துருவம். குள்ளம், பருமன், கண்ணாடி. கைகலப்புக்கு லாயக்கில்லாதவர். கோப்புகளைப் படிப்பதும், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பதுமே அவருடைய ஆயுதங்கள். பலவீனம், மனைவி ஆன். 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1974) நாவலில் சோவியத் உளவுத் தலைவன் கார்லா அதைத்தான் குறிவைக்கிறான். ஸ்மைலியின் சக அதிகாரியும் தன் கையாளுமான பில் ஹேடனை ஆனுடன் உறவுகொள்ளச் செய்கிறான். ஹேடன்மேல் ஸ்மைலிக்குச் சந்தேகம் வந்தாலும் அது கணவனின் பொறாமையாகத்தானே தெரியும்? பிறருக்கு மட்டுமல்ல, ஸ்மைலிக்கே. துப்பாக்கி இல்லாத இந்தத் தாக்குதலுக்கு நிகராகப் பாண்ட் வரிசையில் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. 'ஸ்மைலிஸ் பீப்பிள்' நாவலில் ஸ்மைலி திருப்பி அடிக்கிறார். மனநலம் குன்றிய மகளைக் கார்லா சுவிட்சர்லாந்தில் ரகசியமாக வைத்துப் பராமரிக்கிறான். அந்தப் பாசத்தைப் பிடித்தே அவனை மேற்குக்கு வரவழைக்கிறார். வென்றவர் கார்லாவின் முறையில்தான் வென்றார் என்பதை லெ காரே மறைக்கவில்லை.

இந்த மரபின் இன்றைய வாரிசு மிக் ஹெரன். 'ஸ்லோ ஹார்ஸஸ்' (2010) நாவலில் வேலையில் சொதப்பிய எம்ஐ5 ஆட்கள் லண்டனில் ஒரு பாழடைந்த அலுவலகத்துக்கு ஒதுக்கப்படுகிறார்கள். பலவீனம்தான் அங்கே சேர்வதற்குத் தகுதி. தலைவன் ஜாக்சன் லாம்ப் குளிக்காதவன், குடிகாரன், வாயைத் திறந்தால் வசவு. அவனை யாரும் பொருட்படுத்துவதில்லை. தலைமையகத்தின் சதிகளை அவன் முதலில் மோப்பம் பிடிப்பதற்கு அது மிகவும் வசதியாக இருக்கிறது.