தேவி சொன்ன எண்ணா?

இலண்டன் மாநகரின் பட்னிப் பகுதியில் நோயுற்றுக் கிடக்கிறார் கணித மேதை இராமானுசன். காண வருகிறார் பேராசிரியர் ஹார்டி. தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சுவையேதும் இல்லை என்றும் கூறுகிறார். படுக்கையில் இருந்தவர் மறுக்கிறார்: இரண்டு கனங்களின் கூட்டலாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே!

ஹார்டியே எழுதிவைத்த நிகழ்ச்சி இது, கட்டுக்கதையன்று. ஆயினும் நம்மிடையே உலவும்போது இதற்கு ஒரு வால் முளைத்துவிடுகிறது. நாமக்கல் நாமகிரித் தாயார் அருளினாள், நாவில் எண் எழுந்தது என்பதே அவ்வால். அதைத்தான் ஆராய வேண்டும்.

முதலில் எண்ணைக் காண்போம். 12இன் கனம் 1728. அத்துடன் 1இன் கனத்தைக் கூட்ட 1729. 10இன் கனம் 1000, 9இன் கனம் 729, கூட்டினால் அதுவே. இன்னும் ஒரு வியப்பு: இலக்கங்களின் கூட்டல் 19, அதைத் திருப்பினால் 91, இரண்டையும் பெருக்கினால் மீண்டும் 1729! எண் சோதிடரும் இலக்கங்களைக் கூட்டத்தான் செய்கிறார். அவர் கூட்டல் காசில் முடிகிறது. கணிதத்தின் கூட்டல் சான்றில் முடிகிறது.

1729இன் இருவழிக் கூட்டலை 1657ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பிரெனிக்கிள் கண்டிருந்தார். அவர் காதில் ஓதிய தேவி யார்? இராமானுசனும் கனங்களை அன்றுதான் புதிதாகச் சந்தித்தவர் அல்லர். கப்பலேறுமுன், 1913இல், மூன்று கனங்கள் கூடி மற்றொரு கனமாவது பற்றி இந்தியக் கணிதக் கழக இதழில் வினா விடுத்தவர் அவர். 3, 4, 5 ஆகியவற்றின் கனங்கள் கூடி 6இன் கனமாவது அதற்கு எளிய எடுத்துக்காட்டு. பழகிய நிலத்தில் நடந்தவருக்குப் பாதை தெரிந்ததில் மாயம் என்ன?

கதையின் பிற்பகுதியைப் பலர் விழுங்கிவிடுகின்றனர். நான்காம் படியில் அத்தகைய எண் எதுவென்று ஹார்டி வினவினார். சற்றே சிந்தித்த இராமானுசன், உடனே புலப்படவில்லை, அது மிகப் பெரியதாக இருத்தல் வேண்டும் என்றார். அவ்வெண் 635318657, ஆய்லர் முன்பே அறிந்தது. மூன்றாம் படியை அருளிய தேவிக்கு நான்காம் படி மறந்தா போயிற்று?

இராமானுசனே நாமகிரியைத் தொழுதவராயிற்றே என்பர். உண்மைதான். தொழுதது அவர் நம்பிக்கை. கணக்கிட்டது அவர் கை. தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டார், முழங்கையால் அழித்தார், முடிவை மட்டும் ஏட்டில் பொறித்தார். அழிந்த வழியை உலகம் காணவில்லை. காணாத இடத்தில் கடவுளைக் குடியேற்றினோம்!

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கணக்கு அருளால் வருவதென்று கற்பித்தால், வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கும் உழவன் மகள், தனக்கு அருளப்படவில்லை என்று எழுதுகோலைக் கீழே வைப்பாள். அறிவு பிறப்பால் வருவது என்னும் பழம்பொய்க்கு நாமே புதுச்சட்டை தைத்துக் கொடுத்தவராவோம்.

1729இன் கதையைச் சொல்வோர் சொல்லட்டும்; அந்தக் கற்பலகையையும் சேர்த்துச் சொல்லட்டும்.