இணையத்தில் ஏறிய அருங்காட்சியக நூல்கள் – ஒரு மதிப்பீடு

கடைக்காரனுக்கு இருப்புப் பேரேடு எப்படியோ, அருங்காட்சியகத்துக்கு அதன் விளக்கப் பட்டியல் நூல் அப்படி. என்ன பொருள், எந்த ஊரிலிருந்து வந்தது, உயரம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே படமும் இருக்கும். சென்னை அரசு அருங்காட்சியகம் இத்தகைய நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டது. கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் எழுதிய உலோகத் திருமேனிகள் பட்டியல் (1932), சி. சிவராமமூர்த்தியின் அமராவதிச் சிற்ப நூல் (1942), பி. ஆர். சீனிவாசனின் தென்னிந்தியச் செப்புத் திருமேனி நூல் (1963) ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இன்று கடையில் போய்க் கேட்டா கிடைக்காது. நம் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளிலும் கண்ணில் படுவது அபூர்வம்.

ஆகவே இவற்றை இணையத்தில் ஏற்றுவது பெரிய தர்மம். பெங்களூரில் இருக்கிற நமக்கு இதில் பெருமையும் உண்டு. 2003-இல் தொடங்கிய இந்திய மின்னூலகத் திட்டத்தில் நம்மூர் இந்திய அறிவியல் கழகம் முன்னின்றது. அத்திட்டத்தின் நூல்கள் பலவும் இன்று இன்டர்நெட் ஆர்க்கைவில் காசில்லாமல் கிடைக்கின்றன. நன்றி சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்கிறேன்.

அத்திட்டத்தில் பக்கங்களைப் பெரும்பாலும் சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை என்று இரண்டே நிலையில் நகலெடுத்தார்கள். எழுத்துக்கு அது போதும். கோப்பும் சிறிதாக இருக்கும். ஆனால் புகைப்படம் சாம்பல் நிறத்தின் நூறு படிகளில் உயிர் வாழ்வது. இரண்டே நிலையில் எடுத்தா திருமேனியின் முகம் கறுப்புத் திட்டாகிவிடுகிறது. திருக்குறளை அப்படி நகலெடுத்தால் நஷ்டமில்லை. கலைநூலுக்கோ பாதி சரக்கு போச்சு.

எங்கள் சமணர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம்: இதே இராமச்சந்திரன் 1934-இல் எழுதிய திருப்பருத்திக்குன்றம் நூல். காஞ்சிபுரத்தை அடுத்த ஜினகாஞ்சிக் கோயிலைப் பற்றியது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரையில் ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் வரலாறுகள் ஓவியமாக இருக்கின்றன. ஒவ்வொரு காட்சியையும் அந்நூல் விளக்குகிறது. பின்னிணைப்பில் சமண கால அளவுகள், அண்ட அமைப்பு, உயிர்களின் வகை எல்லாம் உண்டு. கூரை ஓவியம் மழையிலும் புகையிலும் மங்கக்கூடியது. 1934-இல் எப்படி இருந்தது என்பதற்கு அந்நூலின் படங்கள் சாட்சி. சாட்சியின் முகத்தில் கரி பூசலாமா?

படம் எவ்வளவு முக்கியம் என்பதை அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் காட்டிவிட்டார். கோயிலிலிருந்து திருடப்பட்ட அவரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் அடையாளம் காட்டின. 2014-இல் அவர் நாடு திரும்பினார். அந்தப் படம் கறுப்புத் திட்டாக இருந்திருந்தால்?

வெளிநாட்டார் இதை உணர்ந்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2012-இல் அச்சில் இல்லாத தன் நூல்கள் 300-க்கும் மேற்பட்டவற்றை முழுசாக இணையத்தில் திறந்துவிட்டது. தன் நூலைத் தானே ஏற்றினால் படத்தின்மேல் அக்கறை தானாக வரும். நமக்கும் சட்டத் தடை இல்லை. அரசு வெளியீட்டுக்கு உரிமைக் காலம் 60 ஆண்டுதான். 1932, 1934, 1942 நூல்கள் எப்போதோ பொதுவுடைமை ஆயின. 1963 நூலும் 2024-இல் சேர்ந்துவிட்டது.

இன்னொரு குறை தேடுவதில். நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், திருப்பருத்திக்குன்றம் என்று தமிழில் அடித்தால் அந்நூல் வருமென்று சொல்ல முடியாது. ஊர்ப்பெயர், தீர்த்தங்கரர் பெயர், பட எண் இவற்றைத் தமிழில் ஒரு பட்டியலாகச் சேர்த்தாலே போதும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மூலப்பிரதி வைத்திருக்கும் நூலகத்தில் அனுமதி பெற்று, ஒரே ஒரு நூலின் படப்பக்கங்களை மட்டும் ஒழுங்காக நகலெடுத்து, தமிழ்ப் பட்டியலோடு ஏற்றட்டும். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து தொடங்கினால் பட்டியல் எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.