வினாடிக்கு 120 படம்: தப்பியது எவ்வளவு?

வாசகரே, அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் தேரோட்டத்துக்குக் காமிராவுடன் போயிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்குமுன் ஒருவர் சிதறுகாய் விடுகிறார். காய் பிளக்கும் கணம் உங்களுக்கு வேண்டும். உங்கள் காமிரா வினாடிக்கு 10 படம் பிடிப்பது. பொத்தானை விடாமல் அழுத்தினால் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்க. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அது 1 மீட்டர் கடந்துவிடும். முன் படத்தில் முழுக்காய். பின் படத்தில் சில்லுகள். பிளவு எதிலும் இல்லை! ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் திறந்திருப்பது வினாடியில் 1,000-இல் ஒரு பங்கு என்றால், 10 படமும் சேர்ந்து கண்டது 100-இல் ஒரு பங்கே. மீதி 99 பங்கைக் காமிரா காணவேயில்லை.

1984-இல் வந்த கேனான் எஃப்-1 அதிவேகக் காமிரா வினாடிக்கு 14 படம் எடுத்தது. 36 படச் சுருள் மூன்று வினாடிக்குள் தீர்ந்துவிடும். 2023-இல் சோனி அறிவித்த ஏ9 III எடுப்பது 120 படம். மெச்சத்தக்க முன்னேற்றம்தான். ஆனால் இதிலும் இரு படங்களுக்கிடையே நம் காய் சுமார் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இடைவெளி சுருங்கியதே தவிர மறையவில்லை.

முன்னோடிகள் என்ன செய்தார்கள்? 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் 12 காமிராக்களை 27 அங்குலத்துக்கு ஒன்றாக வரிசையில் நிறுத்தினார். பாதையின் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரையே இடறிக் காமிராக்களை இயக்கிற்று. நான்கு கால்களும் தரையில் படாத நிலை சிக்கியது. ஓவியர்கள் வரைந்தபடி கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன! 1964-இல் அமெரிக்க அறிஞர் எட்கர்ட்டன், குண்டு ஆப்பிளைத் துளைப்பதை ஒரே படத்தில் பிடித்தார். குண்டு எழுப்பிய ஒலி அலையை மைக்ரோபோன் வாங்கி, மின்னொளி விளக்கை எரியச் செய்தது. இருவர் முறையிலும் கணத்தைத் தேர்ந்தது நிகழ்ச்சியே. கை விரல் அன்று.

ஓடும் குழந்தை, ஆடும் பெண்ணின் முகபாவம் ஆகியவற்றுக்குத் தொடர் படப்பிடிப்பு நல்ல துணை. நம் குறை அதன்மேல் அல்ல. எண்ணிக்கை கூடினால் எதுவும் தப்பாது என்று நம்பிக் கடன் வாங்கிக் காமிரா வாங்கும் ஆசைமேல்தான். வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நான் பிடிக்க விரும்பும் நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நிற்கும்? அது தொடங்குவதைக் காமிராவுக்கு யார் சொல்வார்? விடை தெரிந்தவருக்குப் பழைய காமிராவும் உதவும்.