32ஆம் ஆண்டில் செத்த வீரன்

தருமபுரி நடுகற்கள் என்றதும் நாம் வழக்கமா ஆநிரை, வில், வீரம் என்றுதான் பேசுவோம். அந்தக் கற்களில் இருக்கும் ஆண்டைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பல்லவர் காலக் கல் கிறித்து ஆண்டு சொல்லாது. இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டு என்றுதான் சொல்லும். அந்த மன்னன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

சரி, இதைக் கணினியில் ஏற்றணும். 'ஆண்டு' என்று ஒரு கட்டம், அதன் வகை முழு எண். அதில் '32ஆவது ஆட்சியாண்டு, மகேந்திரவர்மன்' என்று தட்டினால்?

2015இல் 5.7 பதிப்பு வரும்வரை, மைஎஸ்கியூஎல் தன் இயல்பு அமைப்பில் முன்னால் இருக்கும் 32ஐ மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். ஒரு எச்சரிக்கை வரும், அதை யார் படிக்கிறார்கள்? ஏழாம் நூற்றாண்டு வீரன் கி.பி. 32இல் செத்துப்போகிறான்.

எஸ்கியூலைட் எதையும் வெட்டாது. எண் கட்டத்திலேயே அந்த எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். அதை உருவாக்கியவர்கள் இதைக் குறை என்று ஒத்துக்கொள்வதில்லை, வசதி என்கிறார்கள். ஆனால் ஆண்டு வாரியாக அடுக்கிப் பாருங்கள். அதன் விதிப்படி எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. நம்ம ஆள் 1900ஆம் ஆண்டுக் கல்லுக்கும் பின்னால் போய் நிற்பான், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல்.

போஸ்ட்கிரெஸ் முகத்துக்கு நேரே மறுத்துவிடும். 2021 முதல் எஸ்கியூலைட்டிலும் விரும்பினால் அட்டவணையை 'ஸ்ட்ரிக்ட்' என்று அறிவித்து இந்தக் கண்டிப்பைக் கேட்டு வாங்கலாம். மூன்றில் எனக்குப் பிடித்தது இந்த மறுப்புதான். தப்பு நடந்த இடத்திலேயே சத்தம் போடுகிறது.

ஆனால் கண்டிப்பை மட்டும் நம்பவும் முடியாது. மாலைக்குள் நூறு கல்லைப் பதிய வேண்டியவர் என்ன செய்வார்? 620 என்று தட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போவார். எந்திரத்துக்குத் திருப்தி. வகை சரி, தகவல் ஊகம்; அது ஊகம் என்பதற்கு எந்தத் தடயமும் மிஞ்சாது.

கோளாறு அந்த ஒற்றைக் கட்டத்தில் இருக்கிறது. கல் சொல்வதற்கு ஓர் எழுத்துக் கட்டம் வேண்டும். நம் கணிப்புக்கு 'இதிலிருந்து', 'இதுவரை' என்று இரண்டு எண் கட்டங்கள் வேண்டும். மூன்றுக்கும் கண்டிப்பான வகை கொடுக்கலாம், ஒன்றும் கெடாது. கணிப்பு நாளைக்கு மாறினால் மாத்திக்கலாம். கல் வெட்டியவன் சொன்னதை மாத்த நமக்கு உரிமை இல்லை.