மாடலில் காலி இடம் கிடையாது

காகித டிராயிங்கில் ஒரு துளைக்கு அளவு போட மறந்துட்டா, மெஷின் ஓட்டுறவர் வேலையைத் தொடங்கும்முன்னே கேட்டுவிடுவார். அந்த இடம் காலியாக இருப்பது கண்ணில் படும். முப்பரிமாண மாடலில் அப்படி ஒரு காலி இடமே இல்லை. எந்தத் துளையைக் க்ளிக் செய்தாலும் 10.000 மி.மீ. என்று பதில் வரும். அது 10.02 வரை போகலாமா, 10.2 வரை போகலாமா? யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும். எழுதாமல் விட்டிருந்தால், விட்டிருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

டாலரன்ஸ், டேட்டம், குறிப்புகள் எல்லாவற்றையும் நேராக மாடலிலேயே போட்டுவிடலாம், தனி டிராயிங் வேண்டாம் என்கிற முறைக்கு 2003-இல் ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.41 என்ற தரநிலை வந்தது. 2006-இல் ஐ.எஸ்.ஓ. 16792. டிராயிங் ஒன்று சொல்லி மாடல் வேறொன்று சொல்லும் குழப்பம் தீரும் என்பது நியாயமான வாதம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் குறை இரண்டு. முதலாவது பலரும் அறிந்ததுதான். மாடலில் மிதக்கிற 'இடநிலை 0.2, ஏ-பி-சி' என்ற கட்டம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, வெறும் கோடுகளால் வரைந்த படம். மனிதர் படிக்கலாம், அளவெடுக்கும் சி.எம்.எம். மென்பொருளுக்கு அது வெறும் கிறுக்கல். இன்னொன்று, எந்தத் துளை, எந்த டேட்டம், எவ்வளவு என்று கணினிக்குப் புரிகிற தரவு. 2014-இல் வந்த ஸ்டெப் ஏ.பி.242 இரண்டையும் சுமக்கும். படத்தை மட்டும் அனுப்பினால், காகிதத்தை முப்பரிமாணத்தில் ஒட்டியதுதான் மிச்சம்.

இரண்டாவது குறையைப் பற்றித்தான் போதிய பேச்சு இல்லை. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் இந்தத் தரவு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க 11 சோதனை மாடல்களை உருவாக்கியது. நல்ல வேலை. அதில் முதல் 5 மாடல்களில் எல்லா முகங்களுக்கும் டாலரன்ஸ் இருக்காது. 6 முதல் 11 வரை உள்ளவை முழுமையானவை. பெயரிலேயே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தவுடன் எது முழுமை என்று சொல்லுங்கள் பார்ப்போம். கஷ்டம். எழுதியது போய்ச் சேர்ந்ததா என்பது ஒரு கேள்வி. எழுத வேண்டியதை எல்லாம் எழுதினோமா என்பது வேறு கேள்வி.

"பொதுக் குறிப்பு ஒன்று போட்டால் போதுமே" என்பார்கள். குறிப்பிடாத எல்லா முகத்துக்கும் இந்த டாலரன்ஸ் என்று ஒரே வரி. சௌகரியம்தான். ஆனா என்ன ஆகுதுன்னா, மறந்துபோன பேரிங் துளையும் சத்தமில்லாமல் அந்தத் தளர்வான டாலரன்ஸுக்குள் போய்விடுகிறது. பாகம் சோதனையில் பாஸாகும். பொருத்தும்போதுதான் ஆடும்.

தீர்வு புதிதல்ல. சாலிட்வொர்க்ஸில் டிம்எக்ஸ்பர்ட் என்ற வசதி, முழுதாக வரையறுத்த முகத்தைப் பச்சையாகவும், குறை உள்ளதை மஞ்சளாகவும், மிகையானதைச் சிவப்பாகவும் காட்டும். காகிதத்தில் சும்மா கிடைத்த காலி இடத்தை இந்த மஞ்சள் திருப்பித் தருகிறது. சிக்கல் என்னன்னா, பட்டனை அழுத்தினால்தான் அது வரும். மாடலை ஒப்புதலுக்கு அனுப்பும்போதே இந்த வண்ணம் தானாக வர வேண்டும், பொதுக் குறிப்பில் மட்டும் விழுகிற முகங்கள் தனி நிறத்தில் தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

பச்சையாக இருந்தாலே சரி என்றும் சொல்ல முடியாது. 0.2 போதுமா, 0.02 வேண்டுமா என்பதை அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதையாவது மாடல் மறைக்காமல் இருக்கட்டும்.